அப்பாவின் ரலி சைக்கிள்: கொட்டர் கிராங்கைக் கழற்றிவிட்டு வேறு போடலாமா?

மூடுபனி (நானுஓயா)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்த காலத்தில் ஓட்டிய ரலி சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது. 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற பிரேக்), கியர் இல்லை. ஓட்டினார் என்று சொல்கிறேனே தவிர, போகும்போது தள்ளுவார், வரும்போது உருட்டி விடுவார். அவருக்குப் பிறகு பரணில் ஏறியது. 2022 இல் பெட்ரோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோமே, அப்போதுதான் இறக்கினேன். அன்றிலிருந்து நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போவது இதில்தான். எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷன் 1,600 மீட்டரை ஒட்டி இருக்கிறது, டவுன் 1,868 மீட்டர். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நானும் அப்பா மாதிரியே பாதி வழி தள்ளுகிறேன்.

இப்போது பிரச்சினை: மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடது பக்கம் "டக்" என்கிறது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் கொட்டர் பின்னை, அதாவது கிராங்கை (பெடல் கையை) அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பை, சுத்தியலால் நாலு போடு போட்டான். பின் வெளியே வரவில்லை. மரை இருந்த முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. கடைசியில் "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று வாங்குங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

புதுசு வாங்க மனமில்லை. ஆனால் கிராங், பிபி (கிராங் சுற்றுகிற அச்சும் பேரிங்கும்) இரண்டையும் மொத்தமாக மாற்ற யோசிக்கிறேன். கொழும்பில் ஒரு கூட்டாளியிடம் சிமானோ ஹாலோடெக் (உள்ளே வெறுமையான அச்சுள்ள புது மாதிரி கிராங்) செட் ஒன்று குறைந்த விலைக்கு இருக்கிறதாம். அதை இதில் போடலாமா? போட்டால் ஏற்றம் லேசாகுமா?

கண்டி ரோதை

காசு கைமாறுவதற்கு முன்னால் இங்கே வந்து கேட்டீர்களே, அதுவே பாதி வெற்றி. ரலியில் ஹாலோடெக் போடப் போய், பிறகு அந்தச் செட்டை என்னிடமே விற்றவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பிபி உட்காருகிற குறுக்குக் குழாயை நாங்கள் பெரல் என்போம். முதலில் அதன் அகலத்தை அளந்து சொல்லுங்கள். கப் (பேரிங் குண்டுகள் ஓடுகிற கிண்ணம்), லாக் ரிங் (கப்பை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) எதையும் சேர்க்காமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு. 68 அல்லது 73 மில்லிமீட்டர் வந்தால் பெரும்பாலும் சாதாரண பி.எஸ்.ஏ. மரை: விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. இன்று கடையில் கிடைக்கும் பிபியில் பத்துக்கு ஒன்பது இதற்குத்தான். 71 அல்லது 76 வந்தால் வேறு கதை.

இன்னொன்று, முன் பற்சில்லில் ரலியின் சின்னமான கொக்கு உருவம் இருக்கிறதா?

மூடுபனி

வேர்னியரை இரவல் வாங்கி அளந்தேன். மூன்று தடவையும் 71.

கொக்கு இருக்கிறது. சின்ன வயதில் அதைத் தாரா என்று நினைத்திருந்தேன்.

வடமராட்சி வண்டி

தம்பி, 71 எண்டால் கதை முடிஞ்சுது. அது அசல் நொட்டிங்ஹாம் றலி. அவங்கள் மற்ற எல்லாரும் 24 சுற்று மரை வெட்டேக்குள்ள தாங்கள் மட்டும் 26 சுற்று வெட்டினவங்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதுதான் ஆபத்து. 24 மரைக் கப்பை வச்சுச் சுத்தினால் ஒண்டரைச் சுத்து நல்லாய்ப் போகும். "ஆ, சரி வருது" எண்டு நீங்கள் நீளப் பைப்பைப் போட்டு இறுக்குவீங்கள். பிறகு கப்பிலயும் மரை இராது, பெரலிலயும் இராது. பெரலில மரை கழண்டால் சமாளிக்கலாம், ஆளுக்குக் கழண்டால்தான் கஷ்டம்.

எங்கட ஊரில சைக்கிள் இல்லாத வீடு இல்லை, எங்கட அப்பப்பாவும் றலிதான். பேச்சு வழக்கில எழுதினதுக்கு மன்னிக்கவும், இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். இடது பக்கக் கப்பைக் கழற்றி எடுங்கள். எந்தச் சைக்கிள் கடையிலும் ஒற்றை ஃபிரீவீல் (பின் பற்சில்லு) ஒன்று இருக்கும். அதன் உள் மரையும் 1.37 அங்குலம், 24 சுற்று. கப்பின் மேல் அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். அடி வரை வழுக்கிக்கொண்டு போனால் உங்கள் கப் 24. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டால் 26. அடிமட்டம் வைத்து எண்ணிப் பார்க்காதீர்கள். கப்பில் மரை இருக்கிற நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான், அதில் 24க்கும் 26க்கும் வித்தியாசம் ஒரு சுற்றுக்கூட வராது.

அப்புத்தளைக் காற்று

நான் ஹாலோடெக் பாவிக்கிறவன் என்பதால் என் பங்குக்கு. என்னுடையது 26 அங்குலச் சில்லு மவுண்டன் பைக், இரும்புச் சட்டம். பழைய சதுர அச்சு பிபியை எடுத்துவிட்டு வெளிப்பக்க பேரிங் உள்ள 24 மில்லிமீட்டர் அச்சுக்கு மாறினேன். பெரல் 68 என்பதால் வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று என்று 2.5 மில்லிமீட்டர் வளையங்கள் போட வேண்டியிருந்தது. பொருத்துவது மிக லேசு. இடது கிராங் கையின் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் வேலை முடிந்தது.

ஆனால் தம்பத்தன்னை ஃபேக்டரியைத் தாண்டி லிப்டன் சீட்டுக்கு ஏறும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நிஜமாக. நின்று மிதிக்கும்போது கிராங் நெளியாமல் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தை லேசாக்கியது முன்னால் இருக்கிற 22 பல் சில்லும் பின்னால் இருக்கிற 34 பல்லும்தான். அவை முன்பே என்னிடம் இருந்தன. இதை வாங்கிய பிறகு உணர்ந்தேன் என்பதை என் வீட்டுக்காரிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பிட்டர் மாமா (மஸ்கெலியா)

நான் சைக்கிள்காரன் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம் ஃபிட்டர். ரோலர்கூட மூன்று கிராங்கில்தான் சுற்றுகிறது, அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஹாலோ எது, மூடியது எது என்று பிறகு பேசுங்கள். முதலில் அந்தக் கொட்டர் பின் வெளியே வர வேண்டுமே. கடைப் பையன் செய்த தப்பு சுத்தியலால் அடித்தது இல்லை, கிராங்குக்கு அடியில் ஒன்றும் முட்டுக்கொடுக்காமல் அடித்தது. அப்படி அடித்தால் அடி பின்னுக்குப் போகாது. அச்சு வழியாகப் போய் போல்களிலும் (பேரிங் குண்டுகளிலும்) கப்பிலும் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் கப்பில் ஒரு குழி விழும்.

செய்ய வேண்டியது: பின்னைச் சுற்றி மண்ணெண்ணெயும் கொஞ்சம் ஆயிலும் கலந்து விட்டு இரண்டு நாள் விடு. விரிந்த முனையை அறுத்து, அரத்தால் சமமாக்கு. தரையிலிருந்து கிராங் வரைக்கும் சரியான உயரத்தில் ஒரு கனமான இரும்புப் பைப் வெட்டி, பின்னின் தலை பைப்பின் ஓட்டைக்குள் இறங்குகிற மாதிரி நிறுத்து. இப்போது கிராங்கின் பாரம் பைப்பில் நிற்கிறது. மேலிருந்து பித்தளைத் துண்டு வைத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. பத்துத் தட்டு தட்டுவதைவிட ஒரு அடி நல்லது. அதற்கும் வரவில்லை என்றால் நடுவில் புள்ளி குத்தி, 6 மில்லிமீட்டர் துளைப்பானால் ஓட்டை போடு. உள்ளே வெறுமையானதும் பின் தளர்ந்துவிடும்.

பக்கத்து ஃபேக்டரியில் பெரிய வைஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் பெரிய சொக்கட், மறு பக்கம் சின்ன போல்ட், நடுவில் கிராங். கைப்பிடியைச் சுற்றினால் சத்தமே இல்லாமல் வந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன் தம்பி. ஏறுவதைப் பற்றியே பேசுகிறாயே, இறங்குவது எப்படி? கம்பிப் பிரேக் என்றாயே.

மூடுபனி

மாமா, மெதுவாக இறங்குவேன்.

நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்கிறேன்.

காற்று அண்ணே சொன்னதைப் பார்த்தால் ஹாலோடெக்கே வேண்டாம் போலிருக்கிறதே. அப்படியானால் பின் பற்சில்லை மட்டும் மாற்றினால் போதுமா? முன்னால் 46 பல், பின்னால் 18.

கண்டி ரோதை

இப்போதுதான் சரியான கேள்விக்கு வந்திருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 28 அங்குலச் சில்லில் 46க்கு 18 என்றால் பெடல் ஒரு தடவை சுற்றும்போது சைக்கிள் 5.7 மீட்டர் போகும். யாழ்ப்பாண ரோட்டுக்கு அருமையான கியர். நானுஓயா ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 23 சுற்று. அது மிதிப்பது இல்லை, ஒவ்வொரு சுற்றும் ஒரு படிக்கட்டு. முழங்காலும் போகும், கொட்டர் பின்னும் தளரும். உங்கள் "டக்" சத்தம் அங்கேதான் பிறந்தது என்பது என் ஊகம்.

பின்னால் 22 பல் ஃபிரீவீல் போட்டால் 4.7 மீட்டர், நிமிடத்துக்கு 29 சுற்று. பரவாயில்லை, ஆனால் போதாது. ஒற்றை ஃபிரீவீலில் 22க்கு மேல் தேடி அலைய வேண்டும். ஆகவே முன்னாலும் குறைக்க வேண்டும். 34க்கு 22 என்றால் 3.45 மீட்டர். அதே வேகத்தில் 39 சுற்று. உட்கார்ந்தபடியே ஏறலாம். சமதரையில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 16, 17 கிலோமீட்டர் வேகம் வரும். நானுஓயாவில் சமதரை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

34 பல் என்றால் கொக்கு கிராங்கில் முடியாது. அந்தச் சில்லு கிராங்கோடு ஒன்றாகப் பொருத்தப்பட்டது, தனியாகக் கழலாது. ஆக கிராங் மாறியே ஆக வேண்டும். காரணம் பல்லின் எண்ணிக்கை, புதுமோகம் இல்லை.

வடமராட்சி வண்டி

பற்சில்லு 34, பெரலோ 26 மரை. எந்த பிபி போடப் போகிறீர்கள்? கடையில் கிடைக்கிற சிமானோ யூஎன்300 இதில் ஏறாதே.

சும்மா பார்க்கிறவன்

26 மரையின் மேலேயே 24 மரை வெட்டும் டாப்பைப் போட்டு வெட்டிவிட்டால் என்ன? லேத் கடையில் அரை மணி நேர வேலை.

பிட்டர் மாமா (மஸ்கெலியா)

வெட்டலாம். வெட்டினால் இரண்டு மரையும் ஒன்றை ஒன்று தின்று, மிச்சம் இருப்பது மாவுதான். பழைய இரும்பில் பெரலின் சுவர் ஒன்றும் தடிப்பு இல்லை. என்னிடம் கொண்டுவந்தால் வெட்ட மாட்டேன்.

அப்புத்தளைக் காற்று

மரையே தேவைப்படாத பிபி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் செருகி இறுக்கினால் உள்ளே விரிந்து பெரலைப் பிடித்துக்கொள்ளும். மரை செத்துப்போன சட்டங்களுக்கு அது மருந்து. ஆனால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். சாமான் விலையும் வரியும் சேர்ந்தால் சைக்கிளின் பெறுமதியைத் தாண்டிவிடும்.

கண்டி ரோதை

அதற்கு முன்னால் ஏழை வழி ஒன்று இருக்கிறது. பழைய ரலிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

கப்பை மாற்ற வேண்டாம். கப் ரலியுடையது, மரையும் ரலியுடையது, இரண்டும் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கிற அச்சை மட்டும் மாற்றுங்கள். போலும் கப்பும் உள்ள பழைய மாதிரி பிபியிலேயே சதுர முனை அச்சு வந்த காலம் ஒன்று இருந்தது. தாய்வான் சைக்கிள்கள், பழைய மவுண்டன் பைக்குகளிலிருந்து கழித்துப் போட்ட அச்சுகள் என் பெட்டியில் நாலைந்து கிடக்கின்றன. நீளம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. போல் ஓடுகிற இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரமும் மாறும். இடது கப் முன்னே பின்னே போகக்கூடியது என்பதால் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும். சதுர முனை கிடைத்துவிட்டால் எந்தச் சதுரக் கிராங்கும் போடலாம்.

ஆனால் இரண்டு கப்பின் ஓடுபாதையும் நன்றாக இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வலது கப்பைத் தொட வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஞாபகம் வையுங்கள்: வலது கப் எதிர்மரை, கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். அச்சு ஒரு பக்கம் சுற்றும்போது போல்கள் உருண்டு உருண்டு கப்பை மறு பக்கம் இழுக்கும். சாதாரண மரை போட்டிருந்தால் மிதிக்க மிதிக்க வலது கப் தானாகக் கழன்று வந்துவிடும், அதனால்தான் அப்படி வைத்தார்கள்.

மூடுபனி

ஞாயிறு நடந்தது.

இடது பின் வைஸில் அழுத்தியதும் "டொக்" என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. வலது பின் பிடிவாதம் பிடித்தது. துளைதான் போட வேண்டியிருந்தது. மாமாவுக்குக் கோடி நன்றி. அப்பா இருந்திருந்தால் உங்களுக்கு ஒரு பிளேன்டீ நிச்சயம்.

உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை, கறுப்புக் களிம்பு. போல்கள் கூட்டுக்குள் இருந்தன, பக்கத்துக்கு ஒன்பது. இரண்டு உடைந்திருந்தன. அச்சில் போல் ஓடுகிற இடம் இடது பக்கம் அம்மை போட்ட மாதிரி குழி குழியாக இருக்கிறது. ஆக அச்சு எப்படியும் போச்சு. கப் இரண்டும் நல்லபடியாக இருக்கின்றன. வலது கப்பை டார்ச்சில் பார்த்தேன், கண்ணாடி மாதிரி ஒரு வட்டக் கோடு.

ஃபிரீவீல் சோதனையும் செய்தேன். இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. 26.

பெரலைக் கவிழ்த்தபோது அரைக் கோப்பை தண்ணீர் கொட்டியது. இத்தனைக்கும் மூன்று நாளாக மழை இல்லை.

வடமராட்சி வண்டி

உங்கள் ஊரில் மூன்று நாள் மழை இல்லை என்பதே செய்தி.

அந்தத் தண்ணீர் சீட் குழாய் வழியாக வந்தது. சீட் தண்டு குழாய்க்குள் நுழைகிற இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றை வெட்டி உறை மாதிரி போடுங்கள். பெரலின் அடிப்பக்கம் 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போட்டால் வந்த தண்ணீர் வந்த வழியே போகும். போல்களைக் கூட்டோடு போடாதீர்கள். கால் அங்குலப் போல், பக்கத்துக்கு 11, தனித்தனியாகக் கிரீஸில் ஒட்டி வையுங்கள். கூடு இருந்தால் ஒன்பதுதான் கொள்ளும். பாரம் தாங்க இரண்டு கூடக் கிடைக்கிறதே, ஏன் விட வேண்டும்?

கண்டி ரோதை

மூன்று அச்சு அனுப்புகிறேன். நாளைக் காலை நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், பஸ் நம்பரைத் தனியாக அனுப்புவேன், ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். கூடவே ஒரு கிராங்கும் வருகிறது. பழைய மூன்று சில்லு கிராங், ஐந்து கை, போல்ட் வட்டம் 110 மில்லிமீட்டர். வெளிச் சில்லையும் உள் சில்லையும் கழற்றிவிட்டேன். நடுவில் 34 மட்டும் இருக்கிறது. ஆணி அடித்து ஒட்டிய மலிவுக் கிராங்காக இருந்தால் இப்படிக் கழற்ற முடியாது, வாங்குகிறவர்கள் கவனிக்கவும். ஒற்றைச் சில்லு என்பதால் குட்டை போல்ட் போட்டிருக்கிறேன். பழைய நீள போல்ட் போட்டால் இறுக்கினாலும் ஆடும்.

பார்சலில் கிராங்கை அச்சிலிருந்து கழற்றுகிற இழுப்பானும் இருக்கிறது. பிறகு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எழுத்தில் போடுகிறேன்: திருப்பி அனுப்ப வேண்டும். கிராங்கில் அதன் மரை 22 மில்லிமீட்டர். கடைசி வரை கையால் சுற்றி இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். பாதியில் இழுத்தால் கிராங்கின் மரை உரிந்துகொண்டு வரும்.

மூடுபனி

பார்சல் வந்தது. முதல் அச்சு குட்டை, பற்சில்லு செயின் ஸ்டேயில் (பின் சில்லுக்குப் போகிற சட்டக் குழாயில்) உரசுகிறது. இரண்டாவது நீளம், சில்லு வெகு தூரம் வெளியே நிற்கிறது, பின்னாலிருந்து பார்த்தால் செயின் சாய்கிறது. மூன்றாவது சரி. முன் பல்லையும் பின் பல்லையும் ஒரு நேர்க் கம்பி வைத்துப் பார்த்தேன், இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அது போதுமா?

அச்சின் நீளமான பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும்?

கண்டி ரோதை

இரண்டு மில்லிமீட்டர் தாராளம். நீளப் பக்கம் வலது, பற்சில்லு இருக்கிற பக்கம்.

சதுர முனையில் கிரீஸ் பூசாமல் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

அப்புத்தளைக் காற்று

மெலிதாகப் பூச வேண்டும்! பூசாவிட்டால் இந்த மழையில் துருப்பிடித்து அடுத்த தடவை இழுப்பான் உடையும்.

கண்டி ரோதை

பூசினால் கிராங் தேவைக்கு அதிகமாக ஏறி, கைப் பக்கம் வெடிக்கும்.

அப்புத்தளைக் காற்று

பத்து வருஷமாகப் பூசுகிறேன், வெடிக்கவில்லை.

கண்டி ரோதை

பதினைந்து வருஷமாகப் பூசவில்லை, துருப்பிடிக்கவில்லை.

பிட்டர் மாமா (மஸ்கெலியா)

எது பூசினாலும் சரியான அளவுக்கு இறுக்கு. 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். டார்க் ஸ்பேனர் இல்லை என்றால் கால் மீட்டர் நீளமான ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ பாரம் தொங்குகிற மாதிரி அழுத்து. 15 கிலோ எவ்வளவு என்று கைக்குத் தெரியாவிட்டால் அரிசிப் பையைத் தூக்கிப் பழகு. முதல் 50 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை இறுக்கு. தளர்ந்த சதுரக் கிராங்கில் ஒரு நாள் ஓட்டினாலே போதும், ஓட்டை வட்டமாகிவிடும். பிறகு என்ன இறுக்கினாலும் நிற்காது.

மூடுபனி

கிரீஸ் பூசினேனா இல்லையா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

கப்பில் ஆட்டம் எடுக்கத்தான் அதிக நேரம் போனது. லாக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் கூடவே சுற்றிக்கொண்டு போய் அச்சு இறுகிவிடுகிறது. கடைசியில் கப்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, லாக் ரிங் இறுகும்போது அது தானாகச் சரியான இடத்துக்கு வருகிற மாதிரி பழகிக்கொண்டேன். ஆறேழு தடவை. இப்போது கிராங்கை விரலால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைநுனியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமில்லை.

செயின் உறை பொருந்தவில்லை. 46 பல்லுக்குச் செய்த உறை, புதுக் கிராங்கின் ஐந்து கையும் அதில் இடிக்கின்றன. கழற்றிவிட்டேன். இனி காற்சட்டையை மடித்துக் கிளிப் போட வேண்டும். பின்னால் 22 பல் ஃபிரீவீல் போட்டு, செயின் பழையதையே இரண்டு முழு இணைப்புக் குறைத்துப் போட்டேன். 34 பல் சில்லு மெல்லியது, செயின் அகலமானது, இருந்தாலும் ஓடுகிறது. கொஞ்சம் சலசலக்கிறது.

வடமராட்சி வண்டி

இரண்டு தானா? 46இலிருந்து 34, 12 பல் குறைவு. பின்னால் நாலு பல் கூட. மொத்தம் எட்டுப் பல். அரைச் சுற்றுக்குத்தான் செயின் படியும் என்பதால் நாலு அரை இணைப்பு, அதாவது இரண்டு முழு இணைப்பு. சரிதான், கணக்குப் பிழையில்லை. பின் சில்லை நகர்த்தி இழுவை பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் போதும்.

அந்தக் கொக்கு கிராங்கை என்ன செய்யப் போகிறீர்கள்? விலை சொல்லுங்கள்.

மூடுபனி

அதை அம்மா எடுத்து வைத்துவிட்டார், அண்ணை. என்னிடமே விலை சொல்ல மாட்டார்.

இன்று காலை வேலைக்குப் போனேன். வீட்டு வாசலில் ஏறியவன் டவுன் வரை இறங்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நின்றேன், அதுவும் பின்னால் வந்த லொறிக்கு வழிவிட. தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா "வாத்தியார் மகன் சைக்கிளில் ஏறிப் போறான் டோய்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபது வருஷமாக அந்த ரோட்டில் அந்தச் சைக்கிளைத் தள்ளியபடிதான் பார்த்திருக்கிறார்கள்.

நேரம் 52 நிமிடம். தள்ளிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம்.

அப்புத்தளைக் காற்று

பிரமாதம்! 50 கிலோமீட்டரில் மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

பிட்டர் மாமா (மஸ்கெலியா)

திரும்பி வந்தது எப்படி என்று எழுதவில்லையே.

மூடுபனி

மாமா கேட்பார் என்று தெரியும்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. முதல் வளைவிலேயே பிரேக்கைப் பிடித்தேன், கம்பி இழுக்கிறது, கட்டை ரிம்மைத் தொடுகிறது, சைக்கிள் பாட்டுக்குப் போகிறது. முன்பு பயமில்லாமல் வந்தேன் என்றால், காலை ஏற்றத்திலேயே களைத்துப்போய் மாலையில் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு வந்த நாள்கள்தான் அதிகம். காலால் தரையைத் தேய்த்து, ஓரத்துப் புல்லில் விட்டுத்தான் நிறுத்தினேன். சப்பாத்தின் அடி போய்விட்டது.

வடமராட்சி வண்டி

கம்பிப் பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கிறது. ரிம் குரோமியம் பூசிய இரும்பு. நனைந்தால் ரப்பருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. எங்கள் ஊரில் சமதரை என்பதால் பிழைத்தோம். தோல் பதித்த பிரேக் கட்டை கிடைத்தால் போடுங்கள், ஈரத்தில் ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். அதுவும் மலைக்குப் போதாது.

கண்டி ரோதை

முன் சில்லுக்கு டிரம் பிரேக் உள்ள ஹப் ஒன்றைத் தேடுவோம். ஈரம் உள்ளே போகாது. சில்லுக் கம்பி எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பழைய ரலியில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். அதற்குப் பொருந்துகிற ஹப் வேண்டும். மாத்தளையில் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். புது இழை தொடங்குங்கள், இது கிராங் இழை.

இழுப்பான் எப்போது வருகிறது?

மூடுபனி

முன்னால் 32தான், எண்ணிவிட்டேன். இழுப்பான் நாளைக் காலை முதல் பஸ்ஸில்.

டிரம் பிரேக் கிடைக்கும் வரை மழை நாளில் ஏறுவது மிதித்து, இறங்குவது தள்ளி. அப்பா செய்ததற்கு நேர் எதிர். இன்றைக்கும் அந்த அக்கா பார்த்துவிட்டார்.

பிட்டர் மாமா (மஸ்கெலியா)

தள்ளு தம்பி. ஓரமாகத் தள்ளு.